அண்ணன் வாசித்த ஓலை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் கட்சித் தோழர்களுக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. முன் பக்கங்களில் அவருடைய படமும், அவர் கட்டிக்கொடுத்த குடிநீர்த் தொட்டியின் படமும், பெரியவர்களின் புகழுரைகளும் இருக்கின்றன. குடும்பத்தின் சார்பில் நான் எழுத வேண்டும் என்று அண்ணன் மகன் சாம் கேட்டான். "ரெண்டு பக்கம் போதும் அத்தை, நல்லதா நாலு வார்த்தை" என்றான். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. நல்ல வார்த்தைகளும் அவன் கேட்ட அளவுக்கு வரவில்லை. நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் நேரில் வந்தே கோபப்படலாம், வீடு எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் காலனியில் பிறந்தார். அப்பா பாத்தியில் உப்பு வாருகிறவர். அம்மா அதைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறவர். என் சிறு வயதைப் பற்றி யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு அடிதடிதான். ஒரு கோடையில் வரப்பு உடைந்து, விளைந்து கிடந்த உப்பில் தண்ணீர் புகுந்துவிட்டது. யார் உடைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேஸ்திரி எங்கள் அப்பாவை வரப்பில் மண்டி போட வைத்து, உப்பு வாரும் பலகையின் கம்பால் முதுகிலேயே அடித்தார். சுற்றிலும் நாற்பது பேர் நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஓடிப்போய் அந்தக் கம்பைப் பிடுங்கி மேஸ்திரியின் முழங்காலில் ஒரே போடு போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்த மனிதர் சாகும்வரை காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

அன்று சாயங்காலமே மேஸ்திரியின் ஆட்கள் எங்கள் வீட்டுக் கதவை உடைத்தார்கள். அம்மாவின் கையைத் திருகி முறித்தார்கள். அண்ணனைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, அப்போதிருந்த போதகர் அவரைத் தன்னுடைய ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கொண்டுபோய் வெளியூர் போர்டிங்கில் சேர்த்துவிட்டார். அண்ணனின் படிப்பு அப்படித்தான் தொடங்கியது. போர்டிங்கில் வார்டனின் பிரம்படி வாங்கினார், பெரிய பையன்களிடம் உதை வாங்கினார், கொஞ்ச நாள் கழித்து வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார். படித்து முடித்து இறையியல் கல்லூரிக்குப் போய் அங்கி போட்டுக்கொண்டு வந்தபோது அம்மா அழுதுவிட்டார்.

ஊழியத்தில் அவருடைய கோபம் அடங்கிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அடங்கவில்லை. ஒரு சபையில், ஒவ்வொரு சனிக்கிழமையும் மனைவியைப் போட்டு அடிக்கும் ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிறு அந்த அம்மா கண் வீங்கி ஆராதனைக்கு வந்தார். அண்ணன் ஆசீர்வாதம் கூறி முடித்த கையோடு, அங்கியைக் கூடக் கழற்றாமல் அந்த வீட்டுக்குப் போய், தெருவிலேயே வைத்து அந்த ஆளை அடித்தார். ஒரு பல் விழுந்துவிட்டது. பிறகு அந்த மனிதரே கோயில் மணி அடிக்கும் வேலைக்கு வந்தார். இல்லாத பல்லைக் காட்டி, "இது ஐயரு கையால போனது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வோம். இந்தக் கதையைச் சொல்லி நாம் எல்லோரும் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்! நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

பல ஊர்கள் சுற்றிய பிறகு, பிறந்த ஊர்ப் பக்கமே அவருக்கு மாற்றலாகி வந்தது. வந்த இரண்டாம் வருடம்தான் எபியும் அமுதாவும் அவரைத் தேடி வந்தார்கள்.

எபி என்கிற எபினேசர், உப்பளத்தில் வேலை செய்த ரூத்தம்மாவின் ஒரே மகன். ஆரோவில் பக்கம் வயரிங் வேலை பார்த்தான். அமுதா கிளியனூர் தாண்டி ஒரு கிராமத்துப் பெண், அங்கேயே ஊதுபத்தி உருட்டும் இடத்தில் வேலை. வேறு சாதி. பெண்ணின் தாய்மாமன் அந்தப் பக்கத்தில் அடிதடிக்கும் வெட்டுக்குத்துக்கும் பெயர் எடுத்தவர். அமுதா எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்திருந்தாள்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், எல்லாவற்றையும் ஆராதனையில் சத்தமாக வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பது முறை. அவசரம், ஆபத்து என்றால் பேராயரிடம் லைசென்ஸ் வாங்கி, ஓலை இல்லாமலே முடித்துக்கொள்ளவும் வழி உண்டு.

எபி கேட்டது அந்த லைசென்ஸைத்தான். அப்போது நான் அந்த அறையில் இருந்தேன். டீ கொண்டு போயிருந்தேன்.

"ஐயரே, ஓலை வேணாங்க. அவங்க மாமாவுக்கு தெரிஞ்சிதுன்னா வெட்டிப் போட்டுருவாரு. லைசென்ஸ் வாங்கி, ஒரு புதன்கெழமையா பாத்து முடிச்சிடுங்க. நாங்க பெங்களூர் போயிடறோம்."

"இன்னாடா, திருட்டுக் கல்யாணமா? எங்கப்பன மண்டி போட வச்ச ஊரு இது. என் சபையில ஒரு புள்ள ஒளிஞ்சிக்கினு தாலி கட்ட நான் வுடமாட்டேன். மூணு ஞாயிறும் வாசிப்பேன். எவன் வர்றான்னு பாக்கறேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. எங்களுக்குத்தான். வேணாம் ஐயரே."

"நான் இருக்கறேன் இல்ல? போ, போயி நல்ல சட்டையா எடு."

அமுதா தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அன்றைக்கு அண்ணன் பேசியது சரி என்றே பட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டீ கிளாஸை நீட்டினேன், எபி வாங்கிக் குடித்தான்.

முதல் ஞாயிறு வாசித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு கடைசிப் பெஞ்சில் தெரியாத முகம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. விருந்தாளி என்று நினைத்து ஒருவர் கையில் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்.

மூன்றாம் ஞாயிறு கடைசி இரண்டு பெஞ்சும் நிறைந்திருந்தன. எல்லோரும் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. அண்ணன் ஓலையை எடுத்து வாசித்தார். அவருடைய குரல் அன்று வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். கடைசிப் பெஞ்சில் நடுவில் இருந்தவர் எழுந்தார். அமுதாவின் மாமன்.

"எனக்கு தடை இருக்குதுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

துண்டுகளுக்குள்ளிருந்து கத்திகள் வந்தன. எபி ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தான். வாசலைப் பார்த்து ஓடியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பான். அவன் பெண்கள் பக்கம், அமுதாவை நோக்கி ஓடினான். முதல் வெட்டு பின்கழுத்தில் விழுந்தது. திரும்பிக் கையைத் தூக்கினான், கை மணிக்கட்டோடு தொங்கியது. கீழே விழுந்த பிறகும் வெட்டினார்கள். பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தார்கள். எங்கள் அண்ணி அமுதாவின் கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளறையில் தள்ளி, தாழ்ப்பாள் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார். அந்தக் கதவில் விழுந்த வெட்டுகளுக்கு மேல் இப்போது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விரலை வைத்தால் தெரியும்.

அண்ணன் அங்கியோடு பீடத்திலிருந்து குதித்தார். வந்த கத்தியை இடது கையால் பிடித்தார். இரண்டு விரல் தரையில் விழுந்தது. அதைப் பார்க்காமலே ஒருவனின் தலைமுடியைப் பற்றி, பெஞ்சின் விளிம்பில் முகத்தை மோதினார். மறுபடி மோதினார். தாடை உடைந்து அவன் தொங்கிய பிறகும் விடவில்லை. அப்போது அண்ணன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் பார்த்தேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், கை எழுதிவிட்டது.

எபியின் கழுத்தில் என் முந்தானையைத் திணித்து அழுத்திக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேரைக் காப்பாற்றிய கை இது. அவன் வாயைத் திறந்து என்னவோ சொல்லப் பார்த்தான், ரத்தம்தான் வந்தது. என் மடியிலேயே போய்விட்டான்.

பிணவறை வாசலில் ரூத்தம்மா அண்ணனின் சட்டையைப் பிடித்தார். அன்று அவர் கோயிலுக்கு வந்திருக்கவில்லை. மழை வருவதற்குள் உப்பை மேட்டில் ஏற்ற வேண்டும் என்று பாத்திக்குப் போயிருந்தார். கையெல்லாம் உப்பு.

"ஏன் வாசிச்ச ஐயரே? அவனுங்க வெட்டுவானுங்கன்னு ஒலகத்துக்கே தெரியும். ஏன் வாசிச்ச?"

அண்ணனின் கையில் கட்டு, கட்டுக்கு மேல் ரத்தம். ஒரு நிமிடம் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்: "உன் புள்ளதாம்மா வாசிக்கச் சொன்னான்."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பேசவில்லை. வலியில் சொல்லிவிட்டார், நாளைக்குச் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை.

அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அமைதியாக இருக்கும்படியும் வேறு ஊருக்குப் போகும்படியும் திருச்சபை மேலிடம் சொன்னது. அங்கியோடு தேர்தலில் நிற்கச் சபை விதி இடம் தராது. அண்ணன் அங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றார். பிரசாரத்தின்போது வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அண்ணியின் முதுகில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை, எதிர்த்தரப்பில் ஒருவருக்குக் கண் போனது. ஒவ்வொரு மேடையிலும் அண்ணன் விரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டிப் பேசுவார். "ஒளிஞ்சி கல்யாணம் பண்ணிக்கடான்னு நான் சொன்னேன். அந்தப் புள்ள நெஞ்ச நிமித்தி, மூணு வாரமும் வாசிங்க ஐயரேன்னு சொன்னான்!" கூட்டம் எழுந்து நின்று கை தட்டும். பிணவறையில் ஒரு வரியாக இருந்த பொய், மைக்கில் இப்படி வளர்ந்தது. ஜெயித்தார். பிறகு கட்சி சேர்த்துக்கொண்டது, ஒன்றியத் தலைவர் ஆனார்.

அவர் செய்த நல்லதை மறைக்க மாட்டேன். உப்பளத்தில் பெண்களுக்கு ஒதுங்க ஒரு மறைவிடம் கிடையாது, அதைச் செய்தார். காலனிக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். எக்கியார்குப்பம் பக்கம் இரண்டு தரப்பு கல்லும் கட்டையுமாக நின்றபோது, நடுவில் போய் நின்று நெற்றியில் கல்லடி வாங்கினார், ஆனால் அன்று ஒரு உயிர்கூடப் போகவில்லை. அமுதாவைத் தன் மகள் மாதிரி வைத்துப் படிக்கவைத்தார். அவள் இன்று வெளியூரில் ஆசிரியை.

வழக்கு மட்டும் அவர் கைக்குள் வரவில்லை. எங்கள் குடும்பத்தாரைத் தவிர அன்று கோயிலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, பார்க்கவில்லை என்று சாட்சி சொன்னார்கள். சபை நிர்வாகத்தில் இருந்த பெரிய மூப்பர் ஒருவர் அப்படிச் சொல்லப்போகிறார் என்று தெரிந்ததும், அண்ணன் அவர் வீட்டுக்கே போய் அடித்துவிட்டார். மூப்பர் வீங்கிய முகத்தோடு கூண்டில் ஏறினார். மிரட்டித்தான் சாட்சி சொல்ல வைக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் அந்த முகத்தையே காட்டினார். நாலு பேருக்குத் தண்டனை கிடைத்தது. மாமன் விடுதலையாகி வெளியே வந்து பட்டாசு வெடித்தார்.

இத்தனைக்கும் நடுவில் ரூத்தம்மா இருந்தார். உப்பு அறுத்த காலுக்குக் கட்டுப் போட என்னிடம்தான் வருவார். நான் மருந்து வைக்கும்போது சொல்வார், "எம்மாம் பொறுப்பத்த புள்ளைய பெத்துக்கினு இருந்தேன் பாரு நர்சம்மா. ஒரு பொண்ணையும் கூட்டிக்கினு வந்துட்டு, இன்னா வீராப்பு அவனுக்கு? வாசிக்காதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கி பேரப் புள்ளைங்க இருக்கும்." கல்லறைக்குப் போனாலும் மகனைத் திட்டிவிட்டுத்தான் வருவாராம். எபியின் நினைவு நாளில் அண்ணன் மாலை போட்டு மைக்கில் பேசுவார், ரூத்தம்மா அந்தப் பக்கமே வர மாட்டார். நான் தலையைக் குனிந்து கட்டுப் போடுவேன். வருடக்கணக்கில் அப்படிக் கட்டுப் போட்டிருக்கிறேன். அண்ணனைப் பொய்யர் என்று எழுதுகிறவள் தன்னை என்னவென்று எழுதிக்கொள்வது?

அண்ணனிடம் நான் சண்டை போடாமல் இல்லை. ஒரு முறை அவரே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பி, ரூத்தம்மா வேலை செய்த பாத்தி வரைக்கும் போனார். வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். "முடியல பாப்பா" என்றார். கத்தியை வெறுங்கையால் பிடித்தவர்தான்.

போன வருடம் வாக்குப்பதிவு அன்று, பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் மோதிக்கொண்டார்கள். பட்டப்பகல், போலீஸ் நிற்கிறது. விலக்கிவிடத்தான் போனார் என்று சிலர் சொல்கிறார்கள். முதல் அடி அவர்தான் அடித்தார் என்று சிலர் சொல்கிறார்கள். அண்ணனை அறிந்தவள் என்ற முறையில், இரண்டும் நடந்திருக்கும் என்பேன். இரும்புக் குழாய் தலையில் இறங்கியது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். நடுவில் ஒரு நாள் நன்றாக நினைவு வந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"நான் போனப்பறம் ரூத்துகிட்ட சொல்லிடு பாப்பா. நான் உயிரோட இருக்கறப்போ அவ மூஞ்சில முழிக்க என்னால ஆவாது."

"இப்பவே கூட்டிக்கினு வரேன் அண்ணே."

"வேணாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் அவருக்கு வாய் துடைத்துவிட்டேன், போர்வையை இழுத்துவிட்டேன். அதிலிருந்து மூன்றாம் நாள் போய்விட்டார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு உப்பளத்து வரப்பெல்லாம் ஓடிய அண்ணன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன், இன்றும் அழுகிறேன்.

அவர் சொல்லிவிட்டுப் போன பிறகும் எனக்கு ஒரு வருடம் ஆனது. இந்த மலர் இல்லாவிட்டால் இன்னும் தள்ளிப் போட்டிருப்பேன். அமுதாவிடம் போனில் கேட்டேன். "நானே சொல்லியிருக்கணும் அத்தை. ஐயா வீட்டு சோத்த சாப்புட்டுக்கினு எப்படி சொல்றதுன்னு இருந்துட்டேன். எழுதுங்க" என்றாள். அண்ணன் இடத்தில் நிற்கும்படி கட்சி இப்போது சாமைக் கேட்டிருக்கிறது. இது அச்சில் வந்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று சொந்தக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். சாம் மட்டும், "போடுங்க அத்தை. ஆனா நான் படிக்க மாட்டேன்" என்றான். அவன் பெரிய மனசுக்கு என் நன்றி.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்டோக்கார நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்ட காலனிப் பெண்களுக்கும், எங்களோடு அழுத எல்லோருக்கும் குடும்பத்தின் நன்றி. அங்கியைக் கழற்றியவர் என்று பார்க்காமல் சபைக் கல்லறையிலேயே இடம் கொடுத்த போதகருக்கும் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ரூத்தம்மா வீட்டுக்குக் கொண்டு போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து படித்தேன். "ஓலை வேணாங்க" என்று எபி சொன்ன இடம் வந்ததும் கையை நிறுத்தினார்.

"திருப்பிப் படி."

திருப்பிப் படித்தேன்.

"வேணாம்னா சொன்னான்?"

"ஆமாம் ரூத்தம்மா. ரெண்டு தடவ சொன்னான். நான் அங்கதான் இருந்தேன்."

முறத்தால் என் முகத்தில் அடித்தார். என் மூக்குக்கண்ணாடி உடைந்து உதடு கிழிந்தது. இன்னொரு முறை அடித்தார். நான் கையைத் தூக்கவில்லை. "எம் புள்ளைய என் வாயாலயே திட்ட வச்சியேடி! குழிக்கு போயி போயி திட்டிட்டு வந்தேனேடி!" என்று சிந்திய அரிசியின் மேல் விழுந்து அலறினார். அண்டை வீட்டார் ஓடி வந்து என்னைப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார். புடவையால் முகத்தைத் துடைத்தார்.

"உங்கண்ணன நான் மன்னிக்கல. உன்னையும் மன்னிக்கல. அதையும் புஸ்தகத்துல எழுது."

அங்கேயே உட்கார்ந்து, கடைசித் தாளில் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினேன்.

"சரி. இப்ப நீ போ" என்றார். "நான் எம் புள்ளகிட்ட போயிட்டு வரணும்."